உயிரியல் ஆய்வில் மீப்பிரிதிறன் ஒளி நுண்ணோக்கி: பயனும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது என்பது நெடுங்காலம் நிலவிய எல்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் உருவான மீப்பிரிதிறன் முறைகள் அவ்வெல்லையைக் கடந்துள்ளன. இம்முறைகள் இயங்கும் விதம், அவற்றால் உயிரியலில் தெளிவுபெற்ற வினாக்கள், அவற்றைப் பயன்படுத்துவதால் நேரும் இழப்புகள், அவை தரும் படங்களைச் சான்றாக ஏற்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. பிரிதிறன் எண் ஒன்றைக் கொண்டு மட்டும் ஒரு முறையின் பயனை மதிப்பிட இயலாது. ஆய்வு வினாவின் தேவையே முறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: மீப்பிரிதிறன், ஒளிர்வு நுண்ணோக்கி, விளிம்பு விளைவு, ஒற்றை மூலக்கூறு இடங்காணல், ஆக்சான், உட்கருத் துளை, போலித் தோற்றம்.

முன்னுரை

செல்லின் உள்ளே நிகழும் பணிகளுள் பெரும்பாலானவை மிகச் சிறிய அமைப்புகளால் நடைபெறுகின்றன. நரம்புச் சந்திகளில் வேதிச் செய்தியைச் சுமக்கும் நுண்பைகள் ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுடையவை. செல்லின் உள்ளே போக்குவரத்துப் பாதையாக அமையும் நுண்குழல்கள் 25 நானோமீட்டர் விட்டமுடையவை. உட்கருவின் உறையிலுள்ள துளைத் தொகுதி ஒன்றின் அகலம் 120 நானோமீட்டர் அளவினது. இவை யாவும் வழக்கமான ஒளி நுண்ணோக்கியின் பிரிதிறனுக்குக் கீழே உள்ளவை. ஆகவே அந்நுண்ணோக்கி இவற்றை ஒளித்திட்டுகளாகக் காட்டுமேயன்றி, உள்ளமைப்பைக் காட்டாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கி இவ்வமைப்புகளை மிகத் தெளிவாகக் காட்டவல்லது. எனினும் உயிருள்ள செல்லை அதில் வைத்து நோக்க இயலாது. மேலும் ஆயிரக்கணக்கான புரதங்களுள் குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அடையாளமிட்டுக் காண்பது அதில் கடினம். ஒளிர்வு நுண்ணோக்கியில் இவ்விரண்டும் இயலும். ஆனால் நுட்பம் குறைவு. இவ்விரு கருவிகளுக்கும் இடையே, ஏறத்தாழ 20 முதல் 200 நானோமீட்டர் வரையிலான இடைவெளி ஒன்று நீடித்து வந்தது. மீப்பிரிதிறன் ஒளி நுண்ணோக்கியின் நடைமுறைப் பயன் இவ்விடைவெளியிலேயே அமைந்துள்ளது.

ஒளியின் எல்லை

1873-ஆம் ஆண்டு செருமானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே, நுண்ணோக்கியின் பிரிதிறனை லென்சின் தரத்தோடு ஒளியின் அலைநீளமும் வரையறுக்கிறது என்று காட்டினார். அவர் வகுத்த விதிப்படி, பிரித்தறியத்தக்க மிகச் சிறிய தொலைவு என்பது, அலைநீளத்தை லென்சின் எண்ணியல் துளையின் இருமடங்கால் வகுத்துப் பெறும் அளவாகும். 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியையும் 1.4 எண்ணியல் துளையுள்ள உயர்தர லென்சையும் பயன்படுத்தினால், அத்தொலைவு ஏறத்தாழ 180 நானோமீட்டர் ஆகும். நடைமுறையில் இது 200 முதல் 250 வரை அமையும். ஆழத்தின் திசையிலோ 500 நானோமீட்டருக்கும் மேற்படும்.

இதன் காரணம் ஒளியின் விளிம்பு விளைவே. ஒளிரும் மூலக்கூறு ஒன்று சில நானோமீட்டர் அளவே இருப்பினும், லென்சின் வழியே அது ஏறத்தாழ 250 நானோமீட்டர் அகலமுள்ள மங்கலான திட்டாகவே பதிவாகும். அருகருகே உள்ள பல மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் ஒளிரும்போது அத்திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலந்துவிடுகின்றன. 'ஒரே நேரத்தில்' என்னும் இந்நிபந்தனையே பின்னாளில் எல்லையைக் கடக்க வழிகாட்டியது.

எல்லையைக் கடந்த வழிகள்

மீப்பிரிதிறன் முறைகள் பல இருப்பினும், அவற்றுள் மூன்று முதன்மையானவை.

முதலாவது, கட்டமைக்கப்பட்ட ஒளியூட்டல் முறை. மெல்லிய இரு துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எத்துணியிலும் இல்லாத அகன்ற அலைக்கோலம் தோன்றும். அதுபோல, செல்லின் மீது நுண்ணிய கோடுகளாக ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்கு எட்டாத நுண்ணமைப்பு அகன்ற கோலமாக மாறி லென்சின் எல்லைக்குள் வந்துவிடும். கோடுகளின் திசையையும் இடத்தையும் மாற்றிப் பல படங்கள் எடுத்துக் கணக்கீட்டின் வழியே உண்மை வடிவம் மீட்கப்படுகிறது. மாட்ஸ் குஸ்டாஃப்சன் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட இம்முறை, பிரிதிறனை இருமடங்காக்கி ஏறத்தாழ 100 நானோமீட்டருக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது, ஸ்டெட் எனப்படும் முறை. 1994-இல் ஸ்டெஃபான் ஹெல், யான் விச்மன் ஆகியோர் இதன் கோட்பாட்டை வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டு ஹெல் குழுவினர் செயல்வடிவில் காட்டினர். ஒரு லேசர் கற்றை மூலக்கூறுகளைக் கிளர்வுறச் செய்கிறது. நடுவே துளையுள்ள வடையின் வடிவில் அமைந்த இரண்டாம் கற்றை, ஓரத்திலுள்ள மூலக்கூறுகளை ஒளிரவிடாமல் அணைக்கிறது. எஞ்சிய நடுப்புள்ளி மட்டுமே ஒளிர்கிறது. அணைக்கும் கற்றையின் செறிவைக் கூட்டக்கூட அந்நடுப்புள்ளி சுருங்கும். உயிரியல் மாதிரிகளில் 30 முதல் 80 நானோமீட்டர் வரையிலான பிரிதிறன் இதில் வழக்கமாகக் கிடைக்கிறது.

மூன்றாவது, ஒற்றை மூலக்கூறு இடங்காணல் முறை. தொலைவிலுள்ள பல விளக்குகள் ஒருசேர எரிந்தால் ஒரே ஒளித்திட்டாகத் தெரியும். ஒவ்வொன்றாக எரிந்து அணைந்தால் ஒவ்வொன்றின் இடத்தையும் தனித்தனியே குறித்துவிடலாம். ஒளியால் இயக்கி அணைக்கத்தக்க மூலக்கூறுகளைக் கொண்டு, ஒரு நேரத்தில் மிகச் சில மட்டுமே ஒளிருமாறு செய்து, ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொரு திட்டின் மையத்தையும் கணக்கிட்டு ஒரே படமாகத் தொகுப்பதே இம்முறை. 2006-இல் எரிக் பெட்சிக், ஹரால்ட் ஹெஸ் ஆகியோரும் அவர்தம் கூட்டாய்வாளர்களும் வெளியிட்ட பால்ம் முறையும், அதே ஆண்டில் ஷியாவே ஜுவாங் குழுவினர் வெளியிட்ட ஸ்டார்ம் முறையும் இவ்வகையின. ஒற்றை மூலக்கூறை ஒளியால் கண்டறியலாம் என்பதை வில்லியம் மோர்னர் 1989-இலேயே நிறுவியிருந்தார். ஹெல், பெட்சிக், மோர்னர் ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மூன்றாம் முறையின் நுட்பத்தை எளிய கணக்கு ஒன்றால் விளக்கலாம். ஒரு திட்டின் மையத்தைக் காண்பதில் நேரும் பிழை, திட்டின் பரவலை, அதிலிருந்து பெற்ற ஒளியணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவினது. பரவல் 100 நானோமீட்டர் எனவும் பெற்ற ஒளியணுக்கள் 100 எனவும் கொண்டால் பிழை 10 நானோமீட்டர். 2500 ஒளியணுக்கள் கிடைத்தால் பிழை 2 நானோமீட்டராகக் குறையும். பின்னணி ஒளியைக் கருதாத இலட்சிய நிலைக்கு உரிய கணக்கு இது. ஆயினும் நல்ல கருவியைப் போலவே நல்ல ஒளிர்மூலக்கூறும் ஏன் இன்றியமையாதது என்பதை இது தெளிவாக்குகிறது.

உயிரியல் வினாக்களுக்குக் கிடைத்த விடைகள்

புதிய கருவி ஒன்றின் மதிப்பு, முன்பு கேட்க இயலாத வினாவை அது கேட்கச் செய்கிறதா என்பதைப் பொறுத்தது. அவ்வகையில் நான்கு எடுத்துக்காட்டுகள் குறிப்பிடத்தக்கவை.

ஆக்சானின் வளையச் சட்டகம்: நரம்புச் செல்லின் நீண்ட இழையான ஆக்சானின் உட்புற ஓரத்தில் ஆக்டின் புரதம் உண்டு என்பது முன்பே அறியப்பட்டது. வழக்கமான ஒளிர்வு நுண்ணோக்கியில் அது தொடர்ச்சியான பூச்சாகவே தெரிந்தது. 2013-இல் ஜுவாங் குழுவினர் ஸ்டார்ம் முறையில் நோக்கியபோது, ஆக்டின் ஒன்றன்பின் ஒன்றாக வளையங்களாக அமைந்திருப்பதும், வளையங்களுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ 180 முதல் 190 நானோமீட்டர் என்பதும் தெரியவந்தன. வளையங்களை இணைக்கும் ஸ்பெக்ட்ரின் புரதத் தொகுதியின் நீளத்தோடு இத்தொலைவு ஒத்துப்போயிற்று. பீட்டா ஸ்பெக்ட்ரின் இல்லாத உருளைப்புழுக்களில், உடல் அசையும்போதே ஆக்சான்கள் முறிந்துவிடுகின்றன என்று 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. வளைந்து நீளும் இழை முறியாதிருக்க இத்தகைய சட்டகம் துணைநிற்கிறது என்னும் விளக்கத்திற்கு இவ்விரு செய்திகளும் ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்கின்றன. பின்னர் ஸ்டெட் முறையில் உயிருள்ள நரம்புச் செல்களிலும் இவ்வமைப்பு காணப்பட்டது.

உட்கருத் துளை: இத்துளைத் தொகுதி எண்மடிச் சமச்சீருடையது என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி முன்பே உணர்த்தியிருந்தது. ஆனால் அதன் சட்டகத்திலுள்ள 'ஒய்' வடிவப் புரதத் துணைத்தொகுதி எத்திசை நோக்கிப் பொருந்தியுள்ளது என்பதில் போட்டி மாதிரிகள் பல நிலவின. 2013-இல் வெளியான ஆய்வொன்று, ஆயிரக்கணக்கான துளைகளின் இடங்காணல் படங்களைச் சராசரி செய்து, துளையின் மையத்திலிருந்து ஒவ்வொரு புரதமும் அமைந்துள்ள தொலைவை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான பிழையோடு அளந்தது. அவ்வளவீடு சில மாதிரிகளை ஏற்கவும் சிலவற்றை விலக்கவும் போதிய சான்றாயிற்று. தனிப்படத்தின் பிரிதிறனுக்கும் அப்பால், ஒரே வகை அமைப்புகளைத் திரட்டிச் சராசரி காண்பதன் பயனை இது காட்டுகிறது.

செல்லின் ஒட்டுப்புள்ளி: செல் தன் தளத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்களில் இன்டெக்ரின் புரதத்திற்கும் ஆக்டின் இழைகளுக்கும் இடையே ஏறத்தாழ 40 நானோமீட்டர் இடைவெளி உண்டு என்பதை, குறுக்கீட்டு விளைவைப் பயன்படுத்தும் முப்பரிமாணப் பால்ம் முறையால் 2010-இல் கண்டனர். அவ்விடைவெளியில் சமிக்ஞைப் புரதங்கள், விசையைக் கடத்தும் புரதங்கள், ஆக்டினைச் சீராக்கும் புரதங்கள் என அடுக்குகள் அமைந்துள்ளன. வழக்கமான நுண்ணோக்கியில் இவை யாவும் ஒரே இடத்தில் உள்ளனவாகவே தோன்றும். ஒரே திட்டில் தெரிவதால் இரு புரதங்கள் சேர்ந்து செயல்படுகின்றன என முடிவுகட்டும் வழக்கத்திற்கு இது ஓர் எச்சரிக்கையும் ஆகும்.

உயிருள்ள நிலையில் இயக்கம்: 2008-இல் ஸ்டெட் முறையில், வளர்ப்பு நரம்புச் செல்களின் நுண்பைகள் நகர்வது நொடிக்கு 28 படங்கள் என்னும் வேகத்தில் பதிவு செய்யப்பட்டது. 2012-இல் உயிருள்ள சுண்டெலியின் மூளைப் புறணியில், நரம்புக் கிளைகளின் நுண்முட்கள் வடிவம் மாறுவது 70 நானோமீட்டருக்கும் நுண்ணிய பிரிதிறனில் காணப்பட்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பதிவு செய்ய இயலாத நிகழ்வுகள் இவை.

பிரிதிறனுக்குக் கொடுக்கும் விலை

மேற்கண்ட பயன்கள் இழப்பின்றிக் கிடைப்பன அல்ல. முதல் இழப்பு செல்லின் நலம். இடங்காணல் முறைகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிலோவாட் அளவில் ஒளி பாய்ச்சப்படுகிறது. இது நண்பகல் வெயிலின் செறிவைப்போல் பல்லாயிரம் மடங்கு. ஸ்டெட் முறையின் குவிமையத்தில் செறிவு இதனினும் மிகுதி. ஊதா ஒளி போன்ற குறுகிய அலைநீளங்கள் சிவப்பு ஒளியைவிடச் செல்லுக்கு மிகுந்த கேடு விளைவிக்கின்றன. படமெடுக்கும்போது நலமாகத் தோன்றும் செல் சில மணி நேரத்திற்குப் பின் இறந்துபோகலாம். எனவே ஒளியூட்டிய செல்களை ஏறத்தாழ ஒரு நாள் தொடர்ந்து கவனித்து, அவை பிரிந்து பெருகுகின்றனவா எனக் காண்பது தேவையாகிறது. இறந்துகொண்டிருக்கும் செல்லின் நுட்பமான படம், உயிர்ச்செயலைப் பற்றிய சான்றாகாது.

இரண்டாம் இழப்பு காலம். ஆயிரக்கணக்கான படங்களைத் தொகுக்கும் முறைக்குப் பல நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் செல்லின் உள்ளமைப்பு நகர்ந்துவிடும். கருவியின் மேடையும் வெப்ப மாற்றத்தால் சிறிது நகரும். ஆகவே இம்முறை பெரும்பாலும் பதப்படுத்திய செல்களுக்கே ஏற்றது.

மூன்றாவது, அடையாளமிடும் மூலக்கூறின் பருமன். இரு படி எதிர்ப்பொருள்களால் புரதத்தை அடையாளமிட்டால், ஒளிரும் மூலக்கூறு உண்மைப் புரதத்திலிருந்து 15 நானோமீட்டர் வரை விலகி நிற்கக்கூடும். 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல், இவ்வாறு அடையாளமிடப்பட்ட படத்தில் ஏறத்தாழ 60 நானோமீட்டர் அகலமாகத் தெரிவது இதனாலேயே. சில நானோமீட்டர் அளவேயுள்ள நானோ எதிர்ப்பொருள்கள் இக்குறையைப் பெரிதும் குறைக்கின்றன.

படத்தைச் சான்றாக்கும் சோதனைகள்

மீப்பிரிதிறன் படம் கணக்கீட்டால் உருவாவது. ஆதலின் அதில் போலித் தோற்றங்களுக்கு இடமுண்டு. இதன் விளைவு எத்தகையது என்பதற்குச் செல் சவ்விலுள்ள புரதத் திரள்கள் பற்றிய ஆய்வுகள் தக்க சான்று. தொடக்கக் கால இடங்காணல் ஆய்வுகள் பலவற்றில், சவ்வுப் புரதங்கள் சிறுசிறு திரள்களாக அமைந்திருப்பதாகக் கூறப்பட்டது. ஆனால் ஒளிரும் புரதம் ஒன்று அணைந்து மீண்டும் ஒளிர்வதுண்டு. அப்போது ஒரே மூலக்கூறு சற்றே வேறுபட்ட இடங்களில் மூன்று நான்கு முறை பதிவாகி, திரள் போலத் தோன்றும். 2011-இல் வெளியான ஆய்வுகள் இச்சிக்கலை அளந்து காட்டின. 2016-இல், அடையாளமிடும் அடர்த்தியை மாற்றி மாற்றிப் படமெடுத்து உண்மைத் திரளையும் போலித் திரளையும் பிரித்தறியும் வழி முன்வைக்கப்பட்டது. அடர்த்தி கூடும்போது உண்மைத் திரள்களில் புள்ளிகள் செறியும். போலித் திரள்களோ தம் அளவில் மாறாது எண்ணிக்கையில் மட்டும் பெருகிச் சவ்வெங்கும் பரவும்.

பதப்படுத்துதலும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. வழக்கமான வேதிப்பொருள்களால் பதப்படுத்திய பின்னும் சவ்வு மூலக்கூறுகள் சில நகர்ந்துகொண்டிருக்கும் என்று 2010-இல் காட்டப்பட்டது. எதிர்ப்பொருள்கள் அவற்றை ஒன்றுசேர்த்துச் செயற்கைத் திரளை உருவாக்கக்கூடும். ஒளிரும் புரதத்தை இணைப்பதும் அமைப்பை மாற்றக்கூடும். பாக்டீரியாவின் எம்.ஆர்.இ.பி புரதம் செல்லைச் சுற்றித் திருகுச் சுருளாக அமைவதாகப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஈ. கோலை வகை ஒன்றில் கண்ட சுருள், இணைக்கப்பட்ட மஞ்சள் ஒளிர்புரதத்தால் விளைந்த போலித் தோற்றமே என்று 2012-இல் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு காட்டியது.

ஆகவே ஓர் ஆய்வாளர் தம் முடிவை வெளியிடுமுன் சில சோதனைகளை மேற்கொள்வது இன்றியமையாதது. முதலாவதாக, வடிவமும் எண்ணிக்கையும் முன்பே அறியப்பட்ட அமைப்பு ஒன்றை அதே கருவியில், அதே நாளில் படமெடுத்தல் வேண்டும். ஒவ்வொரு துளையிலும் 32 படிகள் உள்ள நப்96 என்னும் உட்கருத் துளைப் புரதத்தை அளவுகோலாகக் கொள்ளும் செல்வகைகள் 2019-இல் இதற்கெனவே உருவாக்கப்பட்டன. இரண்டாவதாக, போதிய அடர்த்தியில் அடையாளமிட்டிருத்தல் வேண்டும். 20 நானோமீட்டர் பிரிதிறனைக் கோருபவர், குறைந்தது 10 நானோமீட்டருக்கு ஓர் அடையாளமாவது உண்டு எனக் காட்ட வேண்டும். மூன்றாவதாக, அதே இடத்தின் வழக்கமான நுண்ணோக்கிப் படத்தோடு ஒப்பிட்டு, மீப்பிரிதிறன் படத்தை மங்கச் செய்தால் அதனோடு ஒத்துப்போகிறதா எனக் காண வேண்டும். நான்காவதாக, பிரிதிறனைக் கருவியின் விளம்பரக் குறிப்பிலிருந்து எடுத்துரைக்காமல், பெற்ற தரவைக் கொண்டே கணக்கிட வேண்டும். தரவை இரு பாதியாகப் பிரித்து இரு படங்கள் உருவாக்கி, எந்நுட்பம் வரை அவை ஒத்துள்ளன எனக் காணும் வழி 2013 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆய்வகம் எம்முறையைத் தெரிவது

முறையைத் தெரிவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும்: நோக்க வேண்டிய அமைப்பின் அளவு யாது? அது உயிருடன் இருக்க வேண்டுமா? மாதிரியின் தடிப்பு எவ்வளவு?

உயிருள்ள செல்லில் மைட்டோகாண்டிரியாவின் வடிவ மாற்றத்தைப் பல நிமிடங்கள் தொடர வேண்டுமெனில், 100 நானோமீட்டர் பிரிதிறனும் மென்மையான ஒளியும் கொண்ட கட்டமைக்கப்பட்ட ஒளியூட்டல் முறையே தக்கது. வழக்கமான சாயங்களும் அதற்குப் போதும். விரைவான இயக்கத்தைச் சிறு பரப்பில் காண ஸ்டெட் ஏற்றது. பதப்படுத்திய செல்லில் புரதங்களின் இடத்தையும் எண்ணிக்கையையும் அறிய இடங்காணல் முறை ஏற்றது.

விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வகங்களுக்கும் வழியுண்டு. 2015-இல் எட்வர்ட் பாய்டன் குழுவினர் வெளியிட்ட விரிவாக்க நுண்ணோக்கி முறை, பிரிதிறனைக் கூட்டுவதற்கு மாறாக மாதிரியையே பெரிதாக்குகிறது. குழந்தைகளின் அணையாடையில் நீரை உறிஞ்சப் பயன்படும் சோடியம் பாலிஅக்ரிலேட் வகைக் கூழ்மத்தைச் செல்லினுள் உருவாக்கி, அடையாளங்களை அதனோடு பிணைத்து, புரதங்களைச் செரிக்கச் செய்து, நீர் சேர்த்தால் மாதிரி ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 4.5 மடங்கு விரியும். பின்னர் வழக்கமான குவிய நுண்ணோக்கியிலேயே 70 நானோமீட்டர் அளவிலான பிரிதிறன் கிடைக்கும். உயிருள்ள செல்லுக்கு இது பயன்படாது. விரிவு எல்லாத் திசையிலும் சீராக நிகழ்ந்ததா என்பதை, அதே இடத்தை விரிவுக்கு முன்னும் பின்னும் படமெடுத்து உறுதி செய்தல் வேண்டும். இவ்வரம்புகளை ஏற்றால், குவிய நுண்ணோக்கி ஒன்றைப் பகிர்ந்து பயன்படுத்தும் துறைகளிலும் இத்தகைய ஆய்வை மேற்கொள்ள முடியும்.

முடிவுரை

அபே கண்ட எல்லை பொய்யாகிவிடவில்லை. ஒரே நேரத்தில் ஒளிரும் மூலக்கூறுகளுக்கு அது இன்றும் பொருந்துகிறது. மூலக்கூறுகளை மாறி மாறி ஒளிரச் செய்தோ, ஓரத்தை அணைத்தோ, ஒளியைக் கோடுகளாக்கியோ, மாதிரியையே விரித்தோ அறிவியலார் அதைக் கடந்துள்ளனர். ஆக்சானின் வளையங்களும் ஒட்டுப்புள்ளியின் அடுக்குகளும் இம்முயற்சியின் நிலையான பயன்கள். அதே முயற்சியே போலித் திரள்களையும் தந்தது என்பது மறக்கத்தக்கதன்று. இவற்றுக்கிடையே வேறுபாடு காட்டியவை ஒப்பீட்டுச் சோதனைகளும், வேறொரு முறையால் பெற்ற உறுதிப்பாடுமே. ஆக்சானின் வளையத் தொலைவு ஸ்பெக்ட்ரினின் நீளத்தோடு பொருந்தியது. உயிருள்ள செல்லிலும் வேறு கருவியால் காணப்பட்டது. ஆகவே அது ஏற்கப்பட்டது. ஒரு மீப்பிரிதிறன் படத்தை மதிப்பிடும் ஆய்வாளரும் நெறியாளரும் இவ்வகை உறுதிப்பாட்டையே முதலில் நாடுதல் தகும். வினாவிற்குப் போதுமான பிரிதிறனைத் தெரிந்து, அதனைச் சோதித்து நிறுவும் ஆய்வே இக்கருவியின் முழுப் பயனைப் பெறும்.